கையில் ஒரு சாவி இருக்கும்போதே

பழைய கார் வாங்குகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், இன்ஜின் ஆயிலை விரலில் தொட்டுப் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது என்று விசாரிப்பார்கள். சாவி எத்தனை என்று கேட்பவர் குறைவு. விற்கிறவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு வீட்ல எங்கியோ கெடக்குதுங்க, தேடிக் குடுத்தர்றேன்" என்பார். அது வந்து சேர்ந்ததாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பிறகு அந்த ஒற்றைச் சாவியிலேயே வண்டி ஓடும். கிணற்று மேட்டில் குனியும்போது சட்டைப்பையிலிருந்து அது விழுகிற நாள் வரைக்கும், பழனி அடிவாரக் கூட்டத்தில் காணாமல் போகிற நாள் வரைக்கும். அன்றைக்குத்தான் எனக்குப் போன் வரும்.

கோயம்புத்தூரில் கார்களுக்குச் சாவி போட்டுப் பிழைக்கிறேன். ஒரு சாவி உயிரோடு இருக்கும்போது இரண்டாவதைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஒன்றுமே இல்லாமல் போன பிறகு அதே வண்டிக்குச் சாவி போடுவது நாள் முழுக்க இழுக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும், செலவும் மடங்குகளில் ஏறும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் தள்ளிப் போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். எங்கள் வீட்டில் பூட்டு வேலைதான் சோறு போட்டது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை. மாங்காய்ப் பூட்டுக்கு வைஸில் தகட்டைக் கவ்வி அவர் அரம் போடுகிற சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அரத்தைத் தள்ளும்போது மட்டும்தான் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும் என்று அவர் சொன்னதைத்தான் கடைக்கு வரும் பையன்களுக்கு நான் இப்போதும் சொல்கிறேன்.

அந்தக் கையோடு கோவைக்கு வந்தேன். அம்பாசிடர், பத்மினி, மாருதி எண்ணூறு காலம். சாவி தொலைந்துவிட்டால் வெற்றுச் சாவியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருகி எடுப்போம். உள்ளே இருக்கும் தகடுகள் முட்டிய இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே அரம். மறுபடி கரி, மறுபடி திருகல். கதவு திறந்து, இக்னிஷனும் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது, வண்டி ஓடும்.

2005இல் ஸ்விஃப்ட் வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. அதையொட்டி வந்த பல கம்பெனிக் கார்களிலும் நான் வெட்டிக் கொடுத்த சாவி பூட்டில் அழகாகத் திரும்பியது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. "செல்ஃப் எடுக்குதுங்கண்ணா, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று திரும்பி வருவார்கள். சில வண்டிகள் கிளம்பி இரண்டு விநாடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அந்த விளக்கு காட்டுவது இம்மொபிலைசரை, தனக்குத் தெரிந்த சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத ஏற்பாட்டை.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பியோ, கறுப்பு ஆப்பு வடிவத் துண்டோ இருக்கும். அதுதான் டிரான்ஸ்பாண்டர், கடைத்தெருவில் சிப். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் வளையமாக உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையம் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்த அலையை எழுப்பும். ஃபோர்டு போன்ற சில வண்டிகளில் 134.2. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் பொறியையும் விடும். ரிமோட் பேட்டரி செத்துப்போன சாவியிலும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான். இருபது வருஷத்துச் சாவியின் சிப் இன்றைக்கும் பேசுவதைக் கருவியில் பார்க்கும்போதெல்லாம், இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதெல்லாம் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு. தொண்ணூறுகளில் அங்கே கார்த் திருட்டு கட்டுமீறிப் போக, 1998 அக்டோபர் முதல் புதிதாக விற்கிற கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. அங்கே வடிவமைத்த கார்கள் இங்கே வந்தபோது சிப்பும் கூடவே வந்தது. அதைப் பற்றி யாரும் வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

சிப்பில் இரண்டு சாதி உண்டு. முதல் தலைமுறை, கேட்டால் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும். வாட்ச்மேனிடம் பெயரைச் சொன்னால் கேட் திறப்பதைப் போன்றது அது. பெயரை ஒட்டுக்கேட்டவன் நாளைக்கு அதையே சொல்லி நுழைந்துவிடலாம். அடுத்த தலைமுறையில் வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கணக்குக் கொடுப்பான், உள்ளே இருக்கும் ரகசிய எண்ணை வைத்து விடை சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் 46 என்றும், 48 என்றும், 4டி என்றும் சொல்கிற சிப்கள் எல்லாம் இந்த இரண்டாம் ரகம். அவையும் உடையாதவை அல்ல. 4டி குடும்பத்து சிப்பின் 40 பிட் ரகசியத்தை 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாரும் சேர்ந்து கண்டுபிடித்து, சிப்பைப் போலவே பதில் சொல்லும் கருவியால் ஒரு ஃபோர்டு எஸ்கேப் வண்டியை ஸ்டார்ட் செய்தே காட்டினார்கள். 48 சிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்து வைத்தது. 2015இல்தான் அது வெளியே வந்தது. என் மேஜையில் இருக்கிற கருவியால் பழைய சிப்பைப் படித்து அச்சாக இன்னொன்று செய்ய முடிவது இத்தகைய பலவீனங்களால்தான். திருடனுக்கு உதவுகிற அதே ஓட்டை எனக்கும் உதவுகிறது. இதை மறைத்துப் பேசுகிற சாவிக்காரரை நான் நம்புவதில்லை.

ஸ்பேர் போட இரண்டு வழி. ஒன்று நகல்: பழைய சிப்பில் இருப்பதைப் புதிய சிப்பில் அப்படியே எழுதிவிடுவது. காருக்கு இரண்டும் ஒரே சாவியாகத்தான் தெரியும், வண்டியைத் தொடவே வேண்டாம். மற்றது பதிவு: புதிய சிப் தன் சொந்த எண்ணோடு வரும், அந்த எண்ணைக் காரின் நினைவகத்தில் சேர்க்க வேண்டும். நகல் மலிவு, சீக்கிரம் முடியும். ஆனாலும் நான் முடிந்தவரை பதிவைத்தான் சொல்வேன். நாளைக்கு ஒரு சாவி திருடு போனால், பதிவான அந்தச் சாவியை மட்டும் காரின் நினைவிலிருந்து நீக்க வழி இருக்கிறது. நகல் போட்டிருந்தால் திருடு போனதை நீக்கும்போதே கையில் இருப்பதும் செத்துவிடும். கடையில் "ஸ்பேர் போடணும்" என்று கேட்பவருக்கு இந்தத் தேர்வு இருப்பதே தெரியாது. கேளுங்கள்: நகலா, பதிவா? பதில் சொல்லத் தடுமாறுகிற கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தது நினைவில் இருக்கிறது. 2007 மாடல் ஃபோர்டு ஃபியஸ்டா. வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் போன பிறகு தோப்புக்கும் டவுனுக்கும் இவரே ஓட்டுகிறார். சாவியின் தலை உடைந்து, செல்லோ டேப் சுற்றியிருந்தது.

"தம்பி, இது ஒண்ணுதான் இருக்குது. இதுவும் போயிருச்சுன்னா நான் எங்க போறது? அந்தக் கம்பெனியே இங்க இல்லீங்கறாங்க."

பயம் நியாயமானதுதான். மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. செவ்ரோலே 2017இலேயே இங்கே விற்பனையை முடித்துக்கொண்டது. அந்தக் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சர்வீஸ் கவுண்டர்தான் தூரமாகிவிட்டது.

ஆர்.சி.யையும் லைசென்ஸையும் வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, இக்னிஷனை ஆன் செய்து வைத்திருக்கும் வேலை இது. பாதியில் வோல்டேஜ் இறங்கினால் இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு குழம்பிப் போகலாம். பழைய வண்டியில் பேட்டரியும் பழசாகத்தான் இருக்கும். சார்ஜர் மாட்டாமல் கருவியைச் செருகுகிறவரைப் பார்த்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் கருவியைச் செருகி, நினைவகத்தில் எத்தனை சாவி இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் காலத்து ஃபோர்டுகள் எட்டு சாவி வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூன்று என்று காட்டியது.

"அம்மா, இந்த வண்டிக்கு வெளிய இன்னும் ரெண்டு சாவி இருக்குதுங்க."

"யாருகிட்ட?"

முந்தைய முதலாளியிடம் இருக்கலாம், அவர் டிரைவரிடம் இருக்கலாம், விற்றுக் கொடுத்த புரோக்கரின் மேஜை டிராயரில் கிடக்கலாம். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷமும் தோப்பு வாசலில் கேட்டுப் பக்கத்தில் நிறுத்தி வைத்த வண்டி. இந்த எண்ணைப் பார்க்காமல் புதுச் சாவியை மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நினைவில் நான்கு ஆகியிருக்கும், அவர் நிம்மதியாகப் போயிருப்பார். பழைய வண்டிக்கு ஸ்பேர் போட வருகிற யாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்பது என் பிடிவாதம்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதியலாம் என்றேன். ஃபோர்டின் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு: அழித்த பிறகு குறைந்தது இரண்டு சாவிகளைப் பதிந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒற்றைச் சாவியோடு வாழ்வதை அந்தக் காரே ஒப்புக்கொள்ளாது. அழிப்பதற்கான அனுமதியையும் உடனே தராது. கருவி கேட்டதும் ஏறக்குறைய பத்து நிமிஷம் காக்க வைக்கும். கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் நீளமானது. எங்களுக்கு ஒரு டீ.

அந்த நேரத்தில் இரும்பு வேலையை முடித்தேன். டேப் சுற்றிய சாவியைப் பார்த்து அப்படியே வெட்டவில்லை. இத்தனை வருஷம் உரசித் தேய்ந்த சாவியை இயந்திரத்தில் வைத்து நகல் எடுத்தால், தேய்மானமும் சேர்ந்து நகலாகும். புதுச் சாவி முதல் நாளிலேயே கிழடாக இருக்கும். ஒவ்வொரு வெட்டும் முதலில் எந்த ஆழத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அளந்து கண்டுபிடித்து, அந்த ஆழத்துக்கு வெட்ட வேண்டும். இதில் அப்பாவின் அரம்தான் எனக்கு ஆசான். சிப் வேலையைக் கருவி வாங்கிய யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். தேய்ந்த சாவியில் தேயாத சாவியைப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

பழையதையும் புதியதையும் பதிந்தேன். நினைவகம் இரண்டு என்று காட்டியது. மூன்றாவதாக ஒரு சாவியை, பெங்களூரில் இருக்கும் மகளுக்காகக் கேட்டார். வெட்டி, வெற்றுச் சிப் வைத்து அவர் கையிலேயே கொடுத்து, "இதை நீங்களே சேருங்கம்மா" என்றேன். அந்தத் தலைமுறை ஃபோர்டு வண்டிகளின் கையேட்டில் இருக்கிற வழிதான். பதிவான இரண்டு சாவி கையில் இருந்தால் மூன்றாவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். முதல் சாவியைப் போட்டு இரண்டாம் நிலைக்குத் திருப்பி, அணைத்து எடுக்க வேண்டும். ஐந்து விநாடிக்குள் இரண்டாவது சாவி, அதே மாதிரி. பிறகு பத்து விநாடிக்குள் புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினால் கார் அதை ஏற்றுக்கொள்ளும். முதல் தடவை நேரம் தவறிவிட்டது. அடுத்த தடவை மூன்று சாவியையும் மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்தார். மூன்றாவது சாவியில் இன்ஜின் உறுமியபோது ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

சாவிகளை அழித்ததற்கும் ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். நினைவிலிருந்து அழித்த அந்தப் பழைய சாவிகளால் இனி இன்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் இரும்பு இரும்புதான். கதவை அவை இன்னும் திறக்கும். பணத்தையோ பத்திரத்தையோ வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

எல்லா வண்டியும் இவ்வளவு தாராளமில்லை. மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் பின் நம்பர் வேண்டும். சில வண்டிகளில் தப்பான நம்பரை மூன்று முறை போட்டால் மேற்கொண்டு முயற்சி செய்ய விடாமல் பூட்டிக்கொள்ளும், காத்திருக்க வேண்டியதுதான். சில வண்டிகளில் புதுச் சாவி பதியும் நேரத்தில் எதிரில் இல்லாத பழைய சாவிகள் எல்லாம் நினைவிலிருந்து போய்விடும். "ஒண்ணு வீட்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் இருப்பது வெறும் இரும்பாகிவிடும். அதனால் ஸ்பேர் போட வரும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் எடுத்துவாருங்கள்.

சாவியே இல்லாத வண்டி வேறு உலகம். கதவைத் திறந்து, பூட்டின் தகடுகளை உள்ளிருந்து படித்து சாவி வெட்டுவது முதல் பாதிதான். சாக்கெட் வழியாக உள்ளே விடாத பழைய வண்டிகளில் இம்மொபிலைசர் பெட்டியைத் தேடிக் கழற்றி, அட்டையில் இருக்கும் எட்டுக் கால் மெமரி சிப்பை, 93சி46, 93சி56 என்று எண் போட்டிருக்கும், கவ்வியால் பிடித்துப் படிக்க வேண்டும். கவ்வி பிடிக்காவிட்டால் சால்டரிங் வைத்து எடுக்க வேண்டும். படித்ததை முதலில் பத்திரமாகச் சேமித்துவிட்டுத்தான் எதையும் மாற்றுவேன். அந்த மெமரியின் ஒரு கால் முறிந்தாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இந்த வேலையின்போது கடையில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள்.

சாவியே இல்லாத நிலைக்குக் கொண்டுவிடுகிற தொல்லைகளில் ஒன்று, சாவியின் கவர் மாற்றுவது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் பட்டன் கிழிந்துவிட்டது என்று தெருவோரத்தில் கவர் மாற்றுவார்கள். மாற்றுகிற பையன் ரிமோட் அட்டையைப் புதுக் கவருக்குள் வைத்து மூடிவிடுவான். பல மாடல்களில் சிப் அந்த அட்டையில் இருக்காது. பழைய கவரின் ஒரு மூலையில் தனியே ஒட்டியிருக்கும், கறுப்பாக, குப்பைத் துண்டு மாதிரித்தான் தெரியும். பழைய கவர் குப்பைக்குப் போகும். ரிமோட் கதவைத் திறக்கும், சாவி திரும்பும், வண்டி மட்டும் கிளம்பாது. இருந்த ஒரே சாவியை இப்படி இழந்தவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். கவர் மாற்றினால் பழைய கவரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். கிளம்பவில்லை என்றால் சிப் இன்னும் அந்தக் கடையின் தரையில்தான் கிடக்கும்.

வெற்றுச் சாவிகளும் சிப்களும் எங்களுக்கு டெல்லி காஷ்மீரி கேட் மொத்தக் கடைகளிலிருந்து வருகின்றன. அதே சாமான் திருடனுக்கும் கிடைக்கும், கருவியும்தான். அதனால் என் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது: வண்டி எண், சேசிஸ் எண், ஆர்.சி.யில் உள்ள பெயர், வந்தவரின் அடையாள அட்டை, கையெழுத்து. பெயர் வேறாக இருந்தால் உரிமையாளரிடம் போனில் பேசாமல் தொடமாட்டேன். "அண்ணா, அவசரம்ணா, வண்டி எங்க மாமாவுதுதான்" என்று வந்த இளைஞர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாவியின் போட்டோவை அனுப்பி, "இதப் பாத்து வெட்டி வெச்சிருங்க, ஆள் வந்து வாங்கிக்கும்" என்று கேட்பவர்களும் உண்டு. பார்வைக்கு நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், நல்லவர்களாகவேகூட இருக்கலாம். பூட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நோட்டு விதியில் விலக்குக் கிடையாது. போட்டோவைப் பார்த்து வெட்டுகிற இன்னொரு கடை இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும்.

ஸ்பேர் வாங்கிப் போகிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைக்க வேண்டாம். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் இக்னிஷன் சுருளுக்குப் பதில் சொல்லப் போய் சில வண்டிகள் குழம்பிக் கிளம்பாமல் நிற்கும். கடையை விட்டுப் போகும் முன் புதுச் சாவியில் ஸ்டார்ட் செய்து, அணைத்து, வண்டியைப் பூட்டித் திறந்து, இன்னொரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது அதில் ஓட்ட வேண்டும். அப்புறம், ஸ்பேரை வண்டியின் டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "பத்திரமா இருக்குதுங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.